1,20,000 ரூபாய்க்கு ஒரு பழைய காசு ஆல்பம்: வாங்கலாமா, விடலாமா? ஒரு செஞ்சிக் கணக்கு

செஞ்சியிலிருந்து ஒரு சகோதரர் கேட்ட கேள்வியை வச்சுத்தான் இந்தப் பதிவு. அவருக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மூலமா ஒரு பழைய காசு ஆல்பம் விலைக்கு வந்திருக்கு. கேக்குற விலை 1,20,000 ரூபாய். "உள்ளே இருக்கறதை வித்தாலே 1,80,000க்கு மேல போகும்" என்று விற்பவர் சொல்றார். நம்ம சகோதரர் கையில சீட்டு எடுத்த பணம் சரியா அந்த அளவுக்கு இருக்கு. அடுத்த வருஷம் பொண்ணு காலேஜ் சேரணும், அதுக்குள்ள இந்தப் பணத்தைப் பெருக்கிடலாமா என்பதுதான் கேள்வி. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்.

"போலி இருக்குமோ?" என்று மட்டும் கேட்டா "இருக்கலாம்" என்பதைத் தவிர வேற பதில் கிடைக்காது. சரியான கேள்வி இதுதான்: போலி இருக்க எவ்வளவு வாய்ப்பு, இருந்தா எவ்வளவு பணம் போகும், அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டா நான் என்ன விலை கொடுக்கலாம்? படிப்படியா பார்க்கலாம்.

முதல்ல, செஞ்சியில ஏன் இந்தக் கதை நல்லா விலை போகும்?

செஞ்சிக் கோட்டை கைமாறின அளவுக்கு நம்ம ஊர்க் கோட்டைகள்ல வேற எது கைமாறியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. விஜயநகரத்துக்குக் கீழ நாயக்கர்கள், பிறகு பீஜப்பூர் சுல்தான் படை, 1677ல சிவாஜி. அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து தங்க, முகலாயர் படை ஏழு வருஷத்துக்கு மேல முற்றுகை போட்டு 1698ல பிடிச்சது. 1714ல தேசிங்கு ராஜா போரில் இறந்தார். பிறகு ஆற்காடு நவாப், 1750ல பிரெஞ்சுக்காரர்கள், 1761ல ஆங்கிலேயர்கள். இத்தனை ஆட்சி வந்து போன ஊர்ல இத்தனை வகைக் காசும் புழங்கியிருக்கும் என்பது நியாயமான எதிர்பார்ப்புதான். 2025 ஜூலையில யுனெஸ்கோ மராட்டியர் கால ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை உலக பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது. அதில் பதினொன்று மகாராஷ்டிராவில், ஒன்றே ஒன்று தமிழ்நாட்டில், அது செஞ்சி.

இந்த வரலாறு அத்தனையும் உண்மை. ஆனா ஊரோட வரலாறு உண்மையா இருக்கறதால ஆல்பத்துல இருக்கற காசு உண்மையாகிடாது. போலி விக்கிறவர் காசோட சேர்த்து ஒரு கதையையும் விக்கிறார். கதை எவ்வளவு நல்லா பொருந்துதோ, அந்த அளவுக்கு நாம சோதனையைக் குறைச்சுக்கிறோம். ஆபத்து அங்கதான் இருக்கு.

"கோட்டைப் பக்கம் கிடைச்சது" என்று சொன்னா?

இந்த ஒரு வார்த்தையைக் கேட்டவுடனே கையைக் கட்டிக்கிட்டு யோசிக்கணும். ரெண்டு வாய்ப்புதான் இருக்கு.

ஒண்ணு, அது பொய். அப்படின்னா காசும் பொய்யா இருக்க வாய்ப்பு அதிகம்.

ரெண்டாவது, அது உண்மை. அப்படின்னா இன்னும் சிக்கல். 1878ஆம் வருஷத்து இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ள கிடைச்ச புதையல் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரியப்படுத்தணும். மறைச்சா சிறைத் தண்டனை வரைக்கும் போகலாம். அதோட செஞ்சிக் கோட்டை மத்திய தொல்லியல் துறையோட பாதுகாப்புல இருக்கற சின்னம். அங்கே தோண்டி எடுத்ததை நீங்க வாங்கினா, நாளைக்கு அதை நிம்மதியா யாருக்கும் விக்க முடியாது.

ஆக, பொய்யா இருந்தாலும் நஷ்டம், உண்மையா இருந்தாலும் நஷ்டம். நல்ல வரலாறு எப்படி இருக்கும்னா, "எங்க தாத்தா 1970கள்ல இன்ன கடையில வாங்கினார், இதோ பில்", "இன்ன ஏலத்துல எடுத்தது, இதோ ஏலப் பட்டியல் எண்" என்று சாதாரணமா, காகிதத்தோட இருக்கும். கேக்க சுவாரசியம் இருக்காது. ஆனா அதுக்குத்தான் பணம் கொடுக்கலாம்.

ஆல்பத்தை ரெண்டாப் பிரிங்க

எந்தச் சேகரிப்பை எடுத்தாலும் எண்ணிக்கை ஒரு பக்கம் இருக்கும், மதிப்பு இன்னொரு பக்கம் இருக்கும். இந்த ஆல்பத்துல இருக்கறதா சொன்னது இது:

– பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ஒரு ரூபாய்கள் 30
– காலணா, புதுச்சேரி பிரெஞ்சுக் காசு உட்பட செம்புக் காசுகள் சுமார் 100
– மூணு "ஸ்டார்" காசுகள்: ஒரு சிவாஜி தங்க ஹொன், ஒரு விஜயநகர வராகன், ஒரு 1939ஆம் வருஷ வெள்ளி ரூபாய்

130க்கு மேல காசு இருக்கு. "இதுல நூத்துக்குத் தொண்ணூத்தேழு காசு ஒரிஜினல் சார்" என்று விற்பவர் சொன்னா அது உண்மையாவே இருக்கலாம். ஆனா அந்த மிச்சம் மூணுலதான் நீங்க கொடுக்கற பணத்துல பெரும்பகுதி உக்காந்திருக்கு. போலி செய்றவன் காலணாவைப் போலி செய்ய மாட்டான். விலை போகிற காசைத்தான் செய்வான். அதனால எத்தனை காசு போலி என்று எண்ணாதீங்க. எத்தனை ரூபாய் போலியா இருக்கலாம் என்று எண்ணுங்க.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவோம். இங்கே அந்தப் பழமொழி ஒரு பக்கம்தான் செல்லும். ஒரு காசு போலின்னு தெரிஞ்சா, அதே கையிலிருந்து வந்த மத்ததையும் சந்தேகப்படறது சரி. ஆனா ஒரு காசு நிஜம்னு தெரிஞ்சதால மத்ததும் நிஜம்னு நினைக்கறது தப்பு. ஏன்னா, சோதிக்கச் சொல்லி விற்பவரே எடுத்துக் கொடுக்கற காசு எப்பவும் நல்ல காசாத்தான் இருக்கும்.

அடித்தள மதிப்பு: உலோகம் பேசட்டும்

முதல்ல வெள்ளி ரூபாய்கள். பிரிட்டிஷ் இந்திய ஒரு ரூபாய் 11.66 கிராம். 1939 வரைக்கும் உள்ளதுல வெள்ளி 91.7 சதவீதம். அதாவது ஒரு காசுல சுமார் 10.69 கிராம் சுத்த வெள்ளி. 1940லிருந்து 1945 வரைக்கும் அடிச்சதுல வெள்ளி பாதிதான். அதே எடை, 5.83 கிராம் வெள்ளி. 1947 ரூபாய் முழுக்க நிக்கல், வெள்ளியே கிடையாது.

பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். "முப்பது வெள்ளி ரூபாய்" என்று மொத்தமா சொல்றப்போ இந்த வித்தியாசம் காணாமப் போயிடும். அதனால வருஷவாரியா பிரிச்சு எண்ணச் சொன்னேன். 18 காசு 1939க்கு முந்தியது, 12 காசு 1940க்குப் பிந்தியது. இதுல போலி எதுவும் இல்லாமலே மதிப்பு குறைஞ்சுடுச்சு, பாருங்க.

18 × 10.69 = 192.4 கிராம்
12 × 5.83 = 70 கிராம்
மொத்தம் சுமார் 262 கிராம் வெள்ளி

வெள்ளி விலை தினம் மாறும். கணக்கு சுலபமா இருக்க கிராம் 100 ரூபாய்னு வச்சுக்குவோம். 26,200 ரூபாய். நீங்க கணக்குப் போடறப்போ அன்னைக்கு விலையைப் போட்டுக்கோங்க. செம்புக் காசு நூறுக்கும் சேர்த்து ஒரு வியாபாரி உடனே கொடுக்கக்கூடியது 4,800 என்று எடுத்துக்கலாம். ஆக அடித்தளம் 31,000 ரூபாய். கதை பொய்யானாலும் மிஞ்சறது இவ்வளவுதான்.

இப்போ முழுக் கணக்கு

மூணு ஸ்டார் காசும் சேர்ந்து 1,50,000 போகும் என்பது விற்பவர் சொல்றது. அதை அப்படியே ஏத்துக்கிட்டாக் கூட:

எல்லாம் நிஜம்னா மொத்தம்: 31,000 + 1,50,000 = 1,81,000
விலை: 1,20,000
தெரியற லாபம்: 61,000

இதைப் பார்த்துத்தான் மனசு சபலப்படுது. இப்போ திருப்பிப் போடுங்க. 1,20,000ல அடித்தளம் 31,000 போக, 89,000 ரூபாயை அந்த மூணு காசை நம்பித்தான் கொடுக்கறீங்க. 89,000ஐ 1,50,000ஆல வகுத்தா 59 சதவீதம். அதாவது ஸ்டார் காசுகள் நிஜமா இருக்க சராசரியா 59 சதவீத வாய்ப்பு இருந்தாத்தான் உங்க முதலே திரும்பும்.

இத்தோட முடியல. நீங்க விக்கப் போறப்போ வியாபாரி முழு விலை தர மாட்டார். அவர் லாபம், ஏலக் கழிவு எல்லாம் போக 70 சதவீதம் கைக்கு வரும்னு வைங்க. அப்போ 1,50,000 என்பது 1,05,000. தேவைப்படற வாய்ப்பு 85 சதவீதம். சோதனை, சென்னைக்குப் போக வர செலவுக்கு ஒரு 10,000 சேருங்க. 94 சதவீதம்!

இப்போ மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க. பில் இல்லாத, ஞாயிற்றுக்கிழமைக்குள்ள முடிக்கச் சொல்ற ஒரு ஆல்பத்து மேல உங்களுக்கு 94 சதவீத நம்பிக்கை இருக்கா?

என்னைக் கேட்டா தாராளமா 30 சதவீதம் கொடுப்பேன். அப்போ மதிப்பு: 31,000 + (1,05,000ல 30 சதவீதம்) 31,500 – 10,000 செலவு = 52,500. வாய்ப்பு 10 சதவீதம்னா 31,500. நான் 52,500க்கு மேல ஒரு ரூபாய் கூடப் பேச மாட்டேன்.

ஏன் இவ்வளவு குறைச்சலா நம்பறேன்? ஒவ்வொண்ணாப் பாருங்க.

சிவாஜி ஹொன்: 1674ல முடிசூட்டிக்கிட்டப்போ சிவாஜி வெளியிட்ட தங்கக் காசு. ஒரு பக்கம் "ஸ்ரீ ராஜா சிவ", மறுபக்கம் "சத்ரபதி" என்று நாகரி எழுத்து இருக்கும். இன்னைக்கு உலகத்துல இருக்கறது ரொம்பக் குறைச்சல். உண்மையானது ஏலத்துக்கு வந்தா பல லட்சம் போகும். அப்படிப்பட்டது ஒரு ஆல்பத்துக்குள்ள, மொத்த விலை 1,20,000க்கு வருதுன்னா, அந்த விலையே ஒரு சாட்சி.

1939 ரூபாய்: ஆறாம் ஜார்ஜ் காலத்துல அந்த வருஷக் காசு மிக அபூர்வம். 1938 ரூபாய் சுலபமாக் கிடைக்கும். கடைசி எட்டை ஒன்பதா மாத்தினா போதும். உலோகம் நிஜம், எடை நிஜம், காசே நிஜம்; ஒரே ஒரு எண் பொய். தராசும் காந்தமும் இதைப் பிடிக்காது. லென்ஸ் வச்சு அந்த எண்ணைச் சுத்தி உலோகம் சுரண்டின தடம் இருக்கான்னு பார்க்கணும்.

விஜயநகர வராகன்: இது மூணுலயும் நம்பக்கூடியது. சுமார் 3.4 கிராம் தங்கம், உலோக மதிப்பாவது இருக்கும். ஆனா தங்கத்துலயே புதுசா அடிச்ச போலியும் உண்டு.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு காந்தம், நூல், ஒரு டம்ளர் தண்ணி போதும்.

காந்தம்: வெள்ளி, செம்பு, தங்கம் ஒட்டாது. ஒட்டினா உள்ளே இரும்பு. ஒரே விலக்கு, 1947 நிக்கல் ரூபாய் ஒட்டும். அது போலி இல்லை, பயந்து தூக்கிப் போடாதீங்க.

தண்ணி: தராசு மேல தண்ணி டம்ளரை வச்சு, எண்ணைப் பூஜ்யம் ஆக்குங்க. காசை நூல்ல கட்டி, அடியில படாம தண்ணிக்குள்ள தொங்க விடுங்க. 91.7 சதவீத வெள்ளி ரூபாய்க்குத் தராசு சுமார் 1.13 காட்டணும். ஜெர்மன் சில்வர் மாதிரி மலிவு உலோகம்னா 1.35 பக்கம் காட்டும். வராகன் 3.4 கிராம் நல்ல தங்கம்னா சுமார் 0.19, பித்தளைன்னா 0.40. காசைக் கீறாம, கெடுக்காம உலோகத்தைச் சொல்ற சோதனை இது.

லென்ஸ்: வார்ப்புக் காசுல குட்டிக் குட்டிக் குமிழித் தடம் இருக்கும், எழுத்தோட ஓரம் மழுங்கியிருக்கும், விளிம்புல ஒட்டுக் கோடு தெரியலாம்.

ஜோடி: கையால சுத்தியல் அடிச்சுச் செஞ்ச பழைய காசு ரெண்டு அச்சு அசலா ஒண்ணுபோல இருக்காது. ஒரே இடத்துல நசுங்கல், ஒரே இடத்துல எழுத்து வெட்டு என்று ரெண்டு காசு இருந்தா, ரெண்டும் ஒரே அச்சு வார்ப்புல இருந்து வந்ததுன்னு அர்த்தம்.

வரலாறு: 1818ன்னு போட்டு ராமர் சீதை, அனுமார் படத்தோட "கிழக்கிந்தியக் கம்பெனி" காசு ஊருக்கு ஊரு சுத்துது. கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. ஆல்பத்துல இது இருந்து, விற்பவர் அதைப் பெருமையாக் காட்டினா, அவரே ஏமாந்தவரா இருக்கலாம். எல்லாப் போலியும் மோசடிக்காரர் கையிலிருந்துதான் வரும்னு இல்லை.

செய்யக் கூடாததும் சொல்லிடறேன். புளி போட்டு, விபூதி போட்டுத் தேய்க்காதீங்க. பளபளப்பு வரும், சேகரிப்பு மதிப்பு போயிடும். நகைக்கடையில உரைகல்லில் உரசவும் விடாதீங்க. எக்ஸ்ரே மெஷின்ல வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. ஆனா அந்த மெஷின் என்ன உலோகம்னு மட்டும்தான் சொல்லும், எந்தக் காலம்னு சொல்லாது.

சர்டிபிகேட் இருந்தா போதுமா?

பசங்க வாங்குற போகிமான் கார்டுலயும் இதே கதைதான். பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள மூடி, மதிப்பெண் போட்டு, ஒரு எண்ணோட வரும். பெட்டியையே போலி செஞ்சு, வேற ஒரு நிஜக் கார்டோட எண்ணை அதுல அடிச்சு விக்கிறாங்க. எண்ணை அந்த நிறுவனத்தோட தளத்துல போட்டா "சரி" என்றுதான் வரும். அதனால எண்ணை மட்டும் பார்க்காம, அங்கே இருக்கற படத்துக்கும் கையில இருக்கறதுக்கும் கீறல் வரைக்கும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். பெட்டியில வர்ற காசுக்கும் இதே விதிதான்.

காசுக்கு இன்னொரு சட்டமும் இருக்கு. 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேல பழைய காசு தொல்பொருள். அதைத் தொழிலா விக்கிறவர் உரிமம் வச்சிருக்கணும். தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. கிரேடிங்குக்காக அமெரிக்காவுக்கு அனுப்பறதும் இதுல அடங்கும். அதனால இங்கேயே உரிமம் உள்ள ஏல நிறுவனத்துக்கிட்டயோ, மெட்ராஸ் காயின் சொசைட்டி மாதிரி அமைப்புல இருக்கற அனுபவசாலிங்ககிட்டயோ காட்டறதுதான் வழி. எழும்பூர் அருங்காட்சியகத்துல நிஜக் காசு எப்படி இருக்கும்னு கண்ணால பார்த்துட்டு வாங்க. கண்ணைப் பழக்கறதும் ஒரு முதலீடுதான்.

சரி, அவருக்கு நான் சொன்னது என்ன?

"வேண்டாம்" என்று சொல்லலை. பேரத்தை ரெண்டாப் பிரிக்கச் சொன்னேன்.

ஒண்ணு: வெள்ளியும் செம்பும் இப்பவே 31,000க்கு வாங்கிக்கறேன், ஒவ்வொண்ணா எடை போட்டு, தண்ணியில தொங்கவிட்டுப் பார்த்த பிறகு.

ரெண்டு: ஸ்டார் காசு மூணும் உங்ககிட்டயே இருக்கட்டும். நாம ரெண்டு பேரும் சேர்ந்தே போய்க் காட்டுவோம். நிஜம்னு எழுத்துல வந்தா பேசின விலையைத் தர்றேன். செலவு என்னுது.

இதுக்கு விற்பவர் என்ன சொல்றார் என்பதுதான் எல்லாத்தையும் விட மலிவான சோதனை. நிஜக் காசு வச்சிருக்கறவருக்கு இதுல நஷ்டமே இல்லை. "அதெல்லாம் முடியாது, மொத்தமா எடுத்தா எடுங்க, இன்னொரு பார்ட்டி காத்திருக்கு" என்றால், 30 சதவீதம்னு வச்சிருந்த நம்பிக்கையை 10க்குக் கீழ இறக்கிடுங்க.

நம்ம சகோதரர் அப்படியே கேட்டார். வெள்ளியை மட்டும் பிரிச்சுத் தர மாட்டேன்னு பதில் வந்ததாம். சீட்டுப் பணம் இப்போ ஒரு வருஷ எஃப்.டி.யில இருக்கு. பொண்ணு காலேஜ் சேர்ற நேரத்துக்கு முதிர்வாகும். அந்த ஆல்பம் முழுக்க நிஜமாவும் இருந்திருக்கலாம். இருந்தாலும் அவர் எடுத்தது சரியான முடிவுதான். ஏன்னா அன்னைக்குக் கையில இருந்த தகவலுக்கு அந்த விலை அதிகம்.

கடைசியா ஒரு விஷயம். தேதி குறிச்ச பணம், அதாவது கல்யாணம், காலேஜ், ஆஸ்பத்திரிக்குன்னு வச்ச பணம், சேகரிப்புப் பொருளுக்குப் போகவே கூடாது. காசு நிஜமா இருந்தாலும், வாங்க ஆள் கிடைக்க மாசக்கணக்குல ஆகும். ஆசைக்குச் சேர்க்கறவங்க, தொலைஞ்சாலும் தூக்கம் கெடாத தொகையில ஆரம்பிங்க. ஒரு 1938 வெள்ளி ரூபாயை வாங்கி, தராசுல வச்சு, தண்ணியில தொங்கவிட்டு 1.13 வருதான்னு பாருங்க. அது வர்றதைக் கண்ணால பார்க்கறதுல ஒரு சந்தோஷம் இருக்கு. அந்தத் தண்ணிச் சோதனையை அடுத்த வீடியோவுல செஞ்சு காட்டறேன். உங்க வீட்டுப் பழைய காசுக்கு என்ன எண் வந்ததுன்னு அங்கே எழுதுங்க.